சைக்கிள் டோக்கன்

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில்
விடிகாலை மூணரைக்கு
லோடு வரத் தாமதமானால்
காலிப் பெட்டிகளை இழுத்துப்போட்டு
எண்பத்தொன்பதாம் வருஷத்து இறுதி ஆட்டத்தை
இன்னொரு தரம் ஆடுவோம்.

நீலப் பெட்டி காரிமங்கலம்.
சிவப்பு நம்மூர்.
நடுக்கோட்டுக்கு ஒரு சணல் கயிறு.

"இருபத்தாறுக்கு இருபத்தாறு" என்று
துண்டை உதறுவான் முனிரத்தினம்.
திம்மராயன் பாடி வருகிறான்.
குனிந்தால் அவன் மூக்குக்கும் மண்ணுக்கும்
ஒரு சாண்தான் இடைவெளி.
மூலையில் நம் மாதப்பன்,
சாக்கு மூட்டை மாதிரி சும்மா நிற்கிறான்.
சும்மா நிற்பதுதான் அவன் வித்தை.
திம்மராயன் திரும்புகிற நேரம் பார்த்து
கணுக்காலில் விழுந்தது பிடி.

அங்கேயே நிற்கிறது எங்கள் பேச்சு
முப்பத்தைந்து வருஷமாக.

"விரல் கோட்டைத் தொட்டுச்சு."
"நாலு விரக்கடை பாக்கி. எங்கண்ணால பாத்தேன்."
"உங்கண்ணு அன்னிக்கு முறுக்குக்காரி மேல இருந்துச்சு."
அன்வர் பாஷா காரிமங்கலம் கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறவன்,
அதனால் அவனுக்கு விரல் தொட்டுவிட்டது.
கணக்குப்பிள்ளை குப்புசாமிக்கு
போன வருஷம் வரை தொடவில்லை,
காரிமங்கலத்தில் பெண் கொடுத்த பிறகு
கொஞ்சம் தொட்டிருக்கலாம் என்கிறார்.

கடைசியில் என்னிடம் வருவார்கள்.
"நீ சொல்லு எல்லப்பா, கோட்டுக்குப் பக்கத்துல
நீதான இருந்த?"
சொல்வேன்.
விசிலில் எச்சில் தெறித்ததை,
மாதப்பன் முழங்கையில் நரம்பு புடைத்ததை,
டியூப்லைட்டைச் சுற்றின ஈசல்களைக்கூட
ஒன்று விடாமல் சொல்வேன்.

நான் பார்க்கவில்லை.

மூங்கில் கேலரிக்குப் பின்னால்
இருநூற்றுப் பதினாலு சைக்கிளுக்குக் காவல் நான்.
வயது பதிமூணு. வண்டிக்கு நாலணா.
பலகை இடுக்கில் தெரிந்ததெல்லாம்
வேட்டிக் கரை, வெடித்த குதிகால்கள்,
யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு.
ஆனால் கேட்டேன்.
கபடி கபடி என்று வந்த குரல்
கபட் ஆகி
பட் ஆகி
வெறும் காற்றாகி இழுபடுவதை.
தருமபுரி மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ள
ஏதோ ஒரு சைக்கிளின் பின்சக்கரம் மட்டும்
டிக் டிக்கென்று தானாகச் சுற்றியது.
பிறகு விசில்.
பிறகு பாதி ஊர் கத்தியது.

கோப்பை கொடுப்பதற்குள்
முதல் ஆளாக வந்தான் திம்மராயன்.
டோக்கன் ஐம்பத்தேழு.
"காத்து இருக்குதா பாரு தம்பி."
டயரை அமுக்கிப் பார்த்தேன்.
"இருக்குதுண்ணா."
நாலணாவை நீட்டினான்.
உள்ளங்கை எல்லாம் செம்மண்.
நடுவிரல் நுனியில் மட்டும்
வெள்ளையாகச் சுண்ணாம்பு.

ஓரக்கோடும் சுண்ணாம்புதான்.
விழுந்து புரண்டவனுக்கு
எங்கே ஒட்டினதோ, எப்போது ஒட்டினதோ.
அவனும் ஒன்றும் சொல்லவில்லை.
பெடலில் ஒரு கால் வைத்து
மற்ற காலால் உந்தி உந்தி
கூட்டம் வெளியே வருவதற்குள் போய்விட்டான்.

அன்று நான் பாலக்கோட்டுப் பையன், அதனால் சொல்லவில்லை.
அப்புறம் ரொம்ப நாளாகிவிட்டதால் சொல்லவில்லை.
இப்போது சொன்னால்
லோடு வரும் வரை இவர்கள் என்ன செய்வார்கள்?

முனிரத்தினம் என் முகத்தையே பார்க்கிறான்.
கட்டைவிரலையும் ஆள்காட்டியையும்
ஒட்டாமல் பிடித்துக் காட்டுகிறேன்.
"ஒரு நூல்."
அன்வர் பாஷா நீலப் பெட்டியை எட்டி உதைக்கிறான்.

அந்த நாலணாவை டிராயரில் துடைத்து
அன்று ராத்திரியே பஸ் ஸ்டாண்டில்
போண்டா தின்றேன். நல்ல சூடு.

மாரண்டஅள்ளி லாரி திரும்பும் வெளிச்சம்.
யாரோ வந்து
முதலில் மாதப்பனைத் தூக்கிப்போகிறார்கள்,
தக்காளி கொட்ட.